முதல் போர்டு

"சுவிட்சைப் போடு, மிதுனா" என்றார் சபேசன்.

கராடியிலிருந்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அலுவலகத்தின் சோதனை மேஜையில் முதல் சாம்பிள் சர்க்யூட் போர்டு இருந்தது. டெக்னீஷியன் நீலேஷ் தீயணைப்பானை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான்.

"போன மாசம் என்ன சொன்னே? திருப்பிச் சொல்லு."

"கனெக்டரை முன்பக்கமிருந்து பார்த்துதான் பின்களுக்குப் பேர் வைக்கணும் சார். கம்ப்யூட்டர்ல உங்க டிசைன் லைப்ரரியில பின்பக்கமிருந்து பார்த்து வச்சிருக்கு. பவரும் கிரவுண்டும் இடம் மாறி போர்டு எரிஞ்சிடும்னு சொன்னேன்."

"இருபத்திரண்டு வருஷமா நான் பேர் வைக்கிறேன். நேத்து வந்தவ நீ. போடு!"

போட்டாள். புகை வரவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

"இப்ப என்ன சொல்றே?"

"நான்தான் தப்பாப் பார்த்துட்டேன். ஸாரி சார்."

சபேசன் சிரித்துக்கொண்டே கதவை நோக்கி நடந்தார். மிதுனாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. சாம்பிள் ஃபைல் ஃபாக்டரிக்குப் போவதற்கு முந்தின நாள், அதில் மட்டும் அவள் பின்களின் பெயர்களைச் சத்தமில்லாமல் திருத்தியிருந்தாள். போர்டும் பிழைத்தது, சாரின் மானமும் பிழைத்தது. லைப்ரரியை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்.

கதவருகில் சபேசன் திரும்பினார்.

"உன் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? என் கம்ப்யூட்டர்ல இருந்த ஒரிஜினல் ஃபைலை, மொத்த ஆர்டருக்கும் நீ சொன்ன அன்னிக்கே ஃபாக்டரிக்கு அனுப்பிட்டேன். ஐந்நூறு போர்டும் கஸ்டமர்கிட்ட போயாச்சு. பன்னிரண்டு மணிக்கு அங்கே பவர் கொடுக்கறாங்க."

மணி பன்னிரண்டு ஐந்து.

"சார், அந்த ஃபைல்..." என்று மிதுனா தொடங்குவதற்குள் சபேசனின் போன் அடித்தது.