ஹட்டனில் வேலை

கொட்டாஞ்சேனை தொடர்மாடியில் பக்கத்து வீட்டு ரதி கேட்டாள். "அக்கா, உங்கட மகள் நிஷாந்தினி எங்க வேலை?"

"ஹட்டன்ல, சுரங்கத்துக்குள்ள" என்றாள் இராமலெட்சுமி.

"பௌதிகவியல் படிச்சுப்போட்டு திரும்ப மலைநாட்டுக்கே போறதோ? வெள்ளவத்தையில கிளார்க் வேலை ஒண்டு இருக்கு. கேட்டுப் பார்க்கட்டே?"

"சனிக்கிழம அங்கதான் ஒரு மண்டபத்துல பேச வாறா. நீயே வந்து கேளு."

சனிக்கிழமை மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. மேடையில் நிஷாந்தினி சிரித்தாள்.

"சுவிஸ்ல, ஹட்ரன்ங்கிற அணுத் துகள்கள மோதவிடுற சுரங்கத்துல வேலைன்னு போன்ல சொன்னேன். அம்மாவுக்கு ஹட்டன்னு கேட்டிருக்கு. ஊரெல்லாம் சொல்லிட்டாங்க, திருத்தினாலும் கேக்கல. அன்னைக்குத்தான், விஞ்ஞானத்த அம்மாவுக்கும் வெளங்குற மாதிரி பேசணும்னு முடிவெடுத்தேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இராமலெட்சுமி ரதியின் பக்கம் சாய்ந்தாள்.

"சுவிஸ்னாலும் சுரங்கந்தானே. அந்தக் கிளார்க் வேல இன்னும் இருக்கா?"