தாய்லாந்துப் பப்பாளி

“இந்தத் தாய்லாந்துப் பப்பாளி மரபணு மாத்தாததுன்னு சர்டிபிகேட் எங்க?” என்று கேட்டார் உணவுப் பாதுகாப்பு அதிகாரி தேவசேனா.

திருப்பதியில் பழக்கடை வைத்திருக்கும் ஹரிபாபு திருதிருவென்று விழித்தார். “பழத்துக்கு இன்னா சர்டிபிகேட் மேடம்?”

அந்தப் பப்பாளியில் இரண்டை வாங்க எடுத்திருந்த பெரியவர் கருப்பனுக்கும் ஒன்றும் புரியவில்லை. “இதுல இன்னாம்மா கோளாறு? எம் பேத்தி பாரின் பழந்தான் துன்னுவேன்னு அடம் புடிக்கிறா. குடுக்கலாமா, கூடாதா?”

“விதையிலயே குணத்த மாத்தி வளக்குற பப்பாளி வெளிநாட்டுல இருக்கு பெரியவரே. இங்க அதுக்கு அனுமதி இல்ல. இது அதுவா இல்லையான்னு லேப்லதான் சொல்லணும். அதுவரைக்கும் கடைக்கு சீல்.”

“சீலா!” என்று பதறினார் ஹரிபாபு. “மேடம், இது தாய்லாந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. பலமனேர் லாரியில வந்த நம்மூர்ப் பழம். தாய்லாந்து ஸ்டிக்கர் நான் ஒட்டுனது. ஒட்டலன்னா ஒருத்தரும் வாங்க மாட்டேன்றாங்க.”

எந்தக் குற்றத்தை எழுதுவது என்று தெரியாமல் தேவசேனா பேனாவோடு நின்றார்.

கருப்பன் இரண்டு பழங்களையும் எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“கோவிச்சுக்காத பெரியவரே” என்றார் ஹரிபாபு.

“கோவம் இன்னாத்துக்கு? பலமனேர்ல எனக்கும் பப்பாளித் தோட்டம் கீது. பேத்திக்குன்னு ஒரு பை நெறைய பறிச்சிக்கினு வந்தேன். தொட்டுக்கூடப் பாக்கல. பழம் வேணாம்பா. அந்த ஸ்டிக்கர் மட்டும் ரெண்டு குடு.”