கேக்கின் அடக்க விலை

தம்பி வாயைத் திறக்கும்போதெல்லாம் அக்கா மிக்ஸியைப் போட்டாள். உள்ளே இருந்த சர்க்கரை எப்போதோ பொடியாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

கர்ர்ர்ர்.

இன்று அவனுக்குப் பிறந்தநாள். மைதா, சர்க்கரை, முட்டை, வெண்ணெய் மட்டும் போட்ட ஒரு சாதாரண கேக்கை வருஷாவருஷம் அவனுக்காகத் தன் கையாலேயே செய்வாள். இந்த வருஷமும் செய்கிறாள். ஆனால் அவள் முட்டையை உடைத்த வேகம், அது முட்டைக்கு விழ வேண்டிய அடி இல்லை என்று சொல்லியது.

எல்லாம் போன வாரம் அவன் பத்திரிகையின் முதல் பக்கத்தில் எழுதிய செய்தியால் வந்தது. நிலாவுக்குப் போகும் ஒரு சின்னக் கலத்துக்குத் தொள்ளாயிரம் கோடி செலவு என்று போட்டிருந்தான். அந்தக் கலத்தை எட்டு வருஷமாக உருவாக்கிக்கொண்டிருக்கும் பொறியாளர் வேறு யாருமில்லை, அக்காதான்.

"தொண்ணூறு கோடிடா! தொண்ணூறு!" மாவை டின்னில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளிக் கதவை அறைந்தாள். "ராக்கெட் ஏவுற மேடை, எல்லாக் கலத்துக்கும் பொதுவான ஆன்டெனா, ஆபீஸ் கட்டடம், அத்தனையையும் என் கலத்தோட தலையில கட்டிட்டே. ஆபீஸ் வாசல்ல ரோடு போட்டாங்களே, அதுகூட அதுல இருக்கு. அந்த ரோட்டுத் தூசியைப் பத்தி எத்தனை நாள் இங்க உக்காந்து புலம்பியிருக்கேன்! அதையும் என் கணக்குலயே எழுதுவியா?"

"கத்தாதேக்கா. பக்கத்து வீட்டுல கேக்கப் போகுது."

"அவங்க என்கூட லிஃப்ட்ல ஏறியே ஒரு வாரம் ஆச்சு. நேத்து எங்க ஆபீஸ் பஸ் மேல முட்டை வீசினாங்க. ஒண்ணு உடையாம கிடைச்சிருந்தா உன் கேக்குக்கே கொண்டுவந்திருப்பேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்குக் காலையில கமிட்டி கூடுது. ஊரே காறித் துப்புதுன்னு திட்டத்தையே இழுத்து மூடப்போறாங்க. குளிர்ந்துபோச்சா உன் மனசு?"

"அந்தக் கணக்கு என்னோடது இல்லக்கா. ஒருத்தர் கொடுத்தார்."

"எவன் அவன்? எங்க ஆபீஸ் கொசுதானே?" பக்கத்துப் பிரிவின் தலைவருக்கு அவள் வைத்த பெயர் அது. எப்போதும் காதோரம் வந்து நைநை என்பாராம்.

"யாருன்னு கேக்காதே, சொல்ல மாட்டேன். தொழில் தர்மம். உன் வேலையைப் பத்தி நல்லாத் தெரிஞ்சவர். கணக்குல புலி, ஒண்ணையும் விடமாட்டார். தப்புன்னு அவரே ஒரு வார்த்தை சொல்லட்டும், காலைப் பேப்பர்லயே திருத்தம் போடறேன். அவர் சொல்லாம என் எடிட்டர் ஒரு வரி போடமாட்டார்."

"அவன் மட்டும் என் கையில சிக்கட்டும். இதே ஓவன்ல வெச்சு வேகவெச்சுடறேன்."

ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. "தண்ணியக் குடிங்க!" என்று இங்கிருந்தே அதட்டினாள். அவருக்கு வரி ஆபீஸில் பெரிய உத்தியோகம். அக்கா தம்பி சண்டையில் மாட்டாமல் ஒரு வாரமாகப் பேப்பருக்குப் பின்னாலேயே குடித்தனம் நடத்துகிறார், பாவம்.

கேக் நன்றாகத்தான் வந்தது. அதை ஹாலுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, பக்கத்தில் கத்தியையும் வைத்தாள்.

"இதோட விலை தெரியுமா? மாவு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய் எல்லாம் சேர்த்து முன்னூறு. இப்ப உன் பத்திரிகைக் கணக்கைப் போடறேன், கேளு. ஓவன் பன்னிரண்டாயிரம். முட்டை ஃப்ரிட்ஜுலதானே இருந்தது? அது முப்பதாயிரம். சமையலறை கட்டினது நாலு லட்சம். ஆக மொத்தம் நாலு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரத்து முன்னூறு. எழுது, 'தம்பி பிறந்தநாளுக்கு நாலரை லட்சத்துல கேக், அக்காவின் ஆடம்பரம்'னு!"

தம்பியின் முகம் தொங்கிப்போய்விட்டது. "புரியுதுக்கா. தப்புதான். ஆனா அவர் வாயால வரணுமே!"

"எட்டு வருஷம்டா." அவள் குரல் உடைந்தது. "நல்லநாள் பெரியநாள் பார்க்காம ஓடினேன். என் பொண்ணுகூட என்னை ஆன்ட்டின்னு கூப்பிடாததுதான் பாக்கி. எவனோ ஒரு அரைவேக்காடு கணக்குப் போட்டான்னு எல்லாம் மண்ணாப் போகணுமா?"

கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஒரு துண்டு வெட்டினாள். அதைத் தம்பிக்குக் கொடுக்கவில்லை. நேரே போய் வீட்டுக்காரரின் பேப்பரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தட்டை அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே சொல்லுங்க. உலகத்துல யாராவது இப்படிக் கணக்குப் போடுவாங்களா?"

"மாமா, நீங்க இதுல தலையிடாதீங்க!" தம்பி பதறி எழுந்தான்.

அவர் மனைவியைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். கேக்கில் ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றார். எதற்கும் வாய் திறக்காத மனிதர்தான், ஆனால் ஒரு கணக்கு அரைகுறையாக நிற்பதை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

"கணக்குன்னா ஒண்ணையும் விடக்கூடாது. மிக்ஸியை விட்டுட்டியேம்மா?"