வயிறு கூப்பிடும் நேரம்

"ஒங்க கடுக்காயும் வாணாம், ஒங்க ஏரியும் வாணாம், என்னிய ஆள வுடுங்கக்கா!"

இப்படித்தான் சொன்னாள் நாகவல்லி. நான் ஒரு எழுத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதுவும் விடியற்காலை ஐந்து மணிக்கு, அயனம்பாக்கம் ஏரிக்கரையில், பாதி நடையில் நின்றுகொண்டு.

"நல்லா இருக்குடி! பூந்தமல்லி வரைக்கும் பஸ் ஏறிப் போய், சாதுல்லா பாய் கடையில கால் கடுக்க நின்னு மருந்து வாங்கினவ நான். வேணாம்னு சொல்றவ நீயா?"

"ஆறு நாளாச்சுக்கா. போவலியே. நா இன்னா பண்ணட்டும்?"

எங்கள் வரிசை வீட்டில் எட்டுக் குடித்தனம். கடைசி வீடு நாகவல்லியுடையது. புருஷன் கஜபதிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. இவளுக்கு மலச்சிக்கல். நாங்கள் குடிவந்த நாள் முதல் இதே பாட்டுதான்.

போன வாரம் ரத்தம் வேறு. ஆஸ்பத்திரி டாக்டர், "பதினைந்து நாள் பார்ப்போம். சரியாகாவிட்டால் கத்திதான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். உள்ளே போனால்தானே வெளியே வர வேண்டும் என்று பயம். முகம் சுண்டி, கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்துவிட்டது.

"ராத்திரி வெந்நீர்ல கடுக்காய்ப் பொடி குடிச்சியா?"

"குட்ச்சேன். நீங்கதான் என் மூக்கைப் புட்ச்சிகினு நின்னீங்களே."

"எழுந்ததும் வெந்நீர்?"

"ஒரு சொம்பு."

"ஊற வெச்ச திராட்சை? கீரை?"

"ஆடு மாரி தின்னுகினு கீறேன்க்கா. இனிமே மே மேன்னு கத்தறதுதான் பாக்கி."

"அப்புறம் ஏன் போகலை? நீ அடக்கறே, அதான். வயிறு கூப்பிட்டா அந்த நிமிஷமே எழுந்து போயிடணும். காக்க வெச்சா அது கோவிச்சுக்கிட்டுத் திரும்பிடும். மருந்து பாதி, வழக்கம் பாதின்னு பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னார். உனக்கு எல்லாத்துக்கும் சோம்பேறித்தனம்!"

நாகவல்லி ஏரியைப் பார்த்தாள்.

தண்ணீர் எது, பனி எது என்று தெரியவில்லை. அக்கரையே இல்லை. ஒரு நாரை பறந்தது; நாரை தெரியவில்லை, சிறகடிப்பு மட்டும் வெள்ளையாக நகர்ந்தது. எனக்கே கொஞ்ச நேரம் திட்ட மறந்துவிட்டது.

"அக்கா, ஒரு கனா வருது. தெனமும்."

"சொல்லு."

"இந்த ஏரி நடுவுல ஒரு ரூமு. வெள்ளைக் கதவு. நா தண்ணி மேலயே நடந்துகினு போறேன். காலு நனையல. உள்ள போனா குளுகுளுன்னு கீது. குந்திகினு கீறேன். கீழ மீனுங்க போவுது. அவசரமே இல்ல. அப்டியே ஒடம்பு லேசாயி, பஞ்சு மாரி மேல போறேன்க்கா. மேல, மேல..."

"ஊர்ல அவ அவ கோயில் குளம்னு கனா காண்றா. கக்கூஸைக் கனா காண்றவ நீ ஒருத்திதான்!"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பனிக்குள் நடந்தோம்.

வீடு வந்ததும் அவள் தன் வீட்டுக்குள் போனாள். நான் என் இடத்துக்குப் போய், கதவைச் சாத்தித் தாழிட்டு, வாரப் பத்திரிகையைப் பிரித்தேன்.

எட்டுக் குடித்தனத்து இரைச்சலில் எனக்கென்று உள்ளது இந்த ஒரு அரை மணி நேரம். ஓட்டுச் சந்து வழியாக வெளிச்சம் கோடு கோடாக இறங்கும். அந்த அரை மணி நேரம் நான் யாருக்கும் மனைவி இல்லை, யாருக்கும் அம்மா இல்லை. தொடர்கதை நாயகியோடு ஏதோ மலைப் பாதையில் போய்க்கொண்டிருப்பேன். அன்றைக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

வெளியே மூன்றாம் வீட்டுத் தாயம்மாளின் குரல்.

"இன்னா நாகவல்லி, வயித்தப் புட்ச்சிகினு நெளியறே? வந்துடுச்சா? கதவைத் தட்டேன்!"

"உஸ்! மெதுவா பேசு. உள்ள அக்கா கதை படிக்குது."

"எட்டு ஊட்டுக்கும் கீறது ஒரே கக்கூஸு. அதுல குந்திகினு கதையா? ராத்திரி வெச்ச டப்பா வரிசையில ஒன்னுதுதானே மொதல்ல இருந்துச்சு?"

எங்கள் வரிசையில் அதுதான் சட்டம். ராத்திரியே அவரவர் தண்ணீர் டப்பாவைக் கக்கூஸ் சுவரோரம் வைத்துவிட வேண்டும். காலையில் அந்த வரிசைப்படிதான் போக வேண்டும். தினமும் என் டப்பாதான் முதலில் இருக்கும். என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

"நாந்தான் தெனமும் அக்கா டப்பாவ முன்னால தள்ளி வெக்கிறேன். அதுக்கு இந்த அரை அவருதான் நிம்மதி. எனக்கோசரம் பூந்தமல்லி வரிக்கும் போயி மருந்து வாங்கியாந்துச்சு, பாவம்."

"அது இங்க குடி வந்து எட்டு மாசம். ஒனக்குச் சிக்கல் வந்தும் எட்டு மாசம். ஒன் மண்டையில ஏறலியா?"

"சொல்லிடாதே தாயம்மா, மனசு கஷ்டப்படும். இன்னும் சித்த நேரம் அடக்கிகினா அதுவா அடங்கிடும்."

பத்திரிகையை எப்படி மூடினேன், தாழ்ப்பாளை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. தாயம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாகவல்லி அங்கே இல்லை. கடைசி வீட்டுக்கு ஓடினேன். கஜபதி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கை வயிற்றில் இல்லை. அடங்கிவிட்டது.

"நாகவல்லி," என்றேன். "நீ போயிட்டு வாயேன். அடுப்பை நான் பார்த்துக்கறேன்."