மடித்த இலை

"இன்னொரு கரண்டி விடறேன், குடி! ஆத்துக்கு வந்த பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட வேண்டாமோ?"

சுந்தரராமனின் உபசாரம் கல்பாத்தித் தெரு முழுக்கக் கேட்டது. இலைக்கு முன்னால் சப்பணம் போடத் தெரியாமல் கோணலாக உட்கார்ந்திருந்தான் டியாகோ. போர்ச்சுகல்காரன்.

ஸ்ரீரஞ்சனிக்கு அப்பாவை நினைத்தால் பெருமையாக இருந்தது. பின்னே? பாலக்காட்டில் நடக்கிற ஆண்கள் டென்னிஸ் போட்டிக்கு வந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களை, கிளப்காரர்கள் ஆளுக்கொரு வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். இவர்கள் வீட்டுக்கு வந்தவன் டியாகோ. ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து ஒற்றையர் ஃபைனலுக்கு வந்துவிட்டான். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவன் மோதப்போவது யாரோடு என்கிறீர்கள்? அவள் தம்பி ஆதர்ஷோடு!

ஆதர்ஷ் ஃபைனல் வரை வருவது இதுதான் முதல் தடவை. தெருவே அவனுக்காகச் சாமியை வேண்டிக்கொண்டிருந்தது. அப்படியிருக்க, எதிராளிக்கு விருந்து போட எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஆதர்ஷ் இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு எப்போதோ எழுந்துவிட்டான். "நீ கிளம்புடா. இவனை நான் கவனிச்சுக்கறேன்" என்று அப்பாதான் அனுப்பிவைத்தார்.

டியாகோவின் இலையிலோ எரிசேரி, ஓலன், அவியல், நெய் மிதக்கும் பருப்பு. எல்லாம் அப்பா சமையல்காரரிடம் நேற்றே சொல்லி வைத்துச் செய்தது. பையன் முதலில் கை வைத்தது சக்கப்பிரதமனில், அதாவது பலாப்பழப் பாயசத்தில். ஒரு கரண்டி உள்ளே போனதுமே கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

அப்பா அடுத்த கரண்டியைத் தூக்கினார்.

அடுக்களையிலிருந்து விறுவிறுவென்று வந்தாள் திரிபுரசுந்தரி. புருஷன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். டியாகோவின் இலையை, பண்டம் அத்தனையும் உள்ளே இருக்க, அப்படியே மடித்துவிட்டாள்!

"போரும், போரும். எழுந்திரு."

அவன் கையில் வேகவைத்த நேந்திரம்பழம் இரண்டைத் திணித்தாள்.

வெள்ளைக்காரன் இலையில் சாப்பிடும் அழகைப் பார்க்க வந்திருந்த எதிராத்து சாந்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிவ சிவா! சாப்பிடறவன் இலையை மடிப்பாளோ? இதென்ன அக்கிரமம்!"

ஸ்ரீரஞ்சனிக்கு மானம் போயிற்று. அம்மாவை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"என்னம்மா இது? தம்பிக்கு எதிரா ஆடறான்னு இப்படியா பண்ணுவா? அப்பாவோட பெரிய மனசுல பாதியாவது நோக்கு இருக்கப்படாதோ?"

"நேக்கு இவ்வளவுதான் மனசு. நீ போய் மேட்சைப் பாரு."

பிரதமன் பாத்திரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் திரிபுரசுந்தரி.

கிளப்பில் நிற்க இடமில்லை. முதல் செட் ஆதர்ஷுக்கு. அடுத்தது டியாகோவுக்கு. மூன்றாவதில் ஆதர்ஷ் மூலைக்கு மூலை அடித்து விரட்டினான். டியாகோ கன்றுக்குட்டி மாதிரித் துள்ளித் துள்ளி ஓடி அத்தனையையும் திருப்பினான். கடைசியில், டை-பிரேக்கில், மயிரிழையில் ஆதர்ஷ் தோற்றான்.

கூட்டம் எழுந்து இருவருக்கும் கை தட்டியது. அப்பா மட்டும் தட்டவில்லை. பாவம், பெத்த மனசு என்று நினைத்துக்கொண்டாள் ஸ்ரீரஞ்சனி.

மத்தியானம் ஆதர்ஷும் டியாகோவும் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள்.

"நன்னா ஆடினேம்மா. ஆனா, இவன் என்னை விட நன்னா ஆடிட்டான்."

அம்மா அலமாரியைத் திறந்தாள். இரண்டு பெரிய டம்ளர்களை எடுத்து வைத்துப் பிரதமனை விட ஆரம்பித்தாள். ஸ்ரீரஞ்சனிக்குப் பொறுக்கவில்லை.

"இதைக் காலம்பறவே குடுத்திருந்தா, ஊர் வாயில விழுந்திருக்க வேண்டாமே?"

"அப்படிக் கேளு!" என்று குதித்தார் சுந்தரராமன். "இன்னும் நாலு கரண்டி உள்ளே போயிருந்தா, மூணாவது செட்ல அவனால இந்த ஓட்டம் ஓடியிருக்க முடியுமோ? நன்னாக் கெடுத்தியேடி காரியத்தை!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஸ்ரீரஞ்சனி அப்பாவையே பார்த்தாள்.

டியாகோவின் டம்ளரை வழிய வழிய நிரப்பியபடி அம்மா சொன்னாள்:

"அதுக்குத்தானே இலையை மடிச்சேன்!"