பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஹெலிகாப்டர் எதற்கு?

“இவ்வளவு தூரம் ஹெலிகாப்டர்ல வந்து, கூரையைப் பிச்சுக்கிட்டு இறங்கணுமா? ஒரு போன் போட்டிருந்தா சாவியோட ஆளே வந்திருப்பாரே!” என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் மிவா-சான்.

“வந்து டீயும் போட்டுக் குடுத்திருப்பாரு,” என்றாள் முடிதிருத்தும் கடை நத்சுயோ.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒரு நொடி தாமதமாக.

மாதத்தின் இரண்டாவது வியாழன், மதியம் இரண்டு மணிக்கு, ஜப்பானின் பிவா ஏரிக்கு வடக்கே எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்தில் வாசிப்பு வட்டம் கூடும். நாங்கள் ஐந்து பேர். இந்த மாதம் படித்தது, புனிதச் சின்னங்களைத் தேடிக் கோயில் கோயிலாக ஓடும் ஒரு பேராசிரியரின் கதை. நானூறு பக்கங்களில் அந்த மனிதர் ஒரு வேளைகூடச் சாப்பிடுவதில்லை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் எங்கள் ஊரைப் போன்ற ஒரு கிராமத்தில் இறங்கி, கருணைத் தெய்வமான கன்னோனின் சிலை இருக்கும் பேழையை உடைத்து, உள்ளேயிருந்த புத்தரின் எலும்புத் துண்டை எடுத்துக்கொண்டு பறந்துவிடுகிறார்.

எங்கள் கன்னோனுக்கும் பேழை உண்டு. பூசாரி கிடையாது. வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். முறைக்காரரின் கைபேசி எண் கோயில் கதவில் ஒட்டியிருக்கும். யார் கூப்பிட்டாலும் வயலிலிருந்து அப்படியே சைக்கிளில் போய்த் திறந்து காட்டுவோம்.

இந்த வருடம் ஒட்டியிருப்பது என் எண்.

பேழையின் சாவியை மூன்று நாளாகக் காணவில்லை.

அரிசி மூட்டைகளை உருட்டிப் பார்த்தாயிற்று. நாயின் கூண்டுக்குள் தலையைவிட்டும் பார்த்தாயிற்று. நாளைக் காலை பத்து மணிக்கு, கன்னோனைத் தரிசிக்க நகோயாவிலிருந்து நாற்பது பேர் பேருந்தில் வருகிறார்கள்.

சாவி ஒன்றே ஒன்றுதான். புத்தாண்டன்று ஊர் கூடியிருக்கக் கை மாறும். நகல் எடுக்கக் கூடாது. எடுத்த வீட்டுக்கு இனி முறை கிடையாது. இந்த விதியை ஒவ்வொரு வருடமும் எழுந்து நின்று உரக்க வாசிப்பவர், முன்னாள் தலைமையாசிரியை தோக்கியே அம்மையார். தொலைத்தால் என்ன என்று அந்தத் தாளில் இல்லை. யாரும் தொலைத்ததில்லை. வட்டத்தில் என்னைத் தவிர நால்வருமே முறை பார்த்து முடித்தவர்கள்.

“எனக்கு அந்த வேகம் பிடிச்சிருந்தது,” என்றார் ஒனோதெரா-சான். “மழை வந்ததே தெரியல. காயப்போட்ட துணியெல்லாம் நனைஞ்சு, வீட்டுக்காரி இன்னும் பேசல.”

“அப்ப நல்ல புத்தகம்தான்,” என்றாள் நத்சுயோ.

தோக்கியே அம்மையார் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

“இருநூத்தி ஆறாம் பக்கத்தைப் பாருங்க. ஊர்க்காரர் ஒருத்தர் திருட்டுத்தனமா நகல் சாவி வெச்சிருக்காராம். ஹெலிகாப்டரையாவது நம்பிடலாம். இதை எப்படிங்க நம்புறது?”

“நடக்கவே நடக்காது,” என்றார் மிவா-சான்.

“எழுதினவருக்கு ஊரும் தெரியல, ஆளுங்களையும் தெரியல,” என்றாள் நத்சுயோ.

ஒனோதெரா-சான் தலையாட்டிய வேகத்தில் கையிலிருந்த தேநீர் சிந்தியது.

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது:

“கதையில… அந்தச் சாவி தொலைஞ்சு போயிருந்தா, முறைக்காரர் என்ன பண்ணியிருப்பாரு?”

கதையில் எந்தச் சாவியும் தொலைவதில்லை. நால்வரும் கடைசிப் பக்கம்வரை படித்தவர்கள்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. தேநீரோடு கொடுத்திருந்த, முள்ளங்கி ஊறுகாய் வைத்த பன்னை எல்லோரும் ஒரே சமயத்தில் கடித்தார்கள்.

தோக்கியே அம்மையார் புத்தகத்தை மூடினார்.

“அஞ்சுக்கு ரெண்டு நட்சத்திரம். அடுத்த மாசம் ஏதாவது சமையல் புத்தகம் படிப்போம்.”

கூட்டம் இருபது நிமிடம் முன்னதாகவே முடிந்தது.

கோப்பைகளைக் கழுவ நான் மட்டும் பின்தங்கினேன். நாற்பது பேர் முன்னால் எப்படி நிற்பது, எவ்வளவு குனிவது, முதல் வார்த்தை என்ன என்று குழாயடியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசற்கதவு நகர்ந்து மூடும் சத்தம் கேட்டது. யாரோ குடையை மறந்திருப்பார்கள்.

சற்று நேரத்தில் மறுபடி. பிறகு இன்னொரு முறை.

நான்காவது முறை கேட்டபோதுதான், இன்று மழையே இல்லை என்பது உறைத்தது.

ஈரக் கையோடு வாசலுக்கு வந்தேன். ஆள் யாரும் இல்லை. என் காலணிகள் மட்டும் இருந்தன.

இடது காலணிக்குள் இரண்டு சாவிகள். வலதில் இரண்டு.

நான்கும் ஒரே வெட்டு. மூன்றில் எந்த அடையாளமும் இல்லை. நான்காவதில் சிவப்பு நூலால் ஒரு சின்ன அட்டை கட்டியிருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்த, கோடு போட்டதுபோன்ற அந்தக் கையெழுத்து:

‘நகல் – 2’.