வெளியே உறங்கும் பிள்ளைகள்

அன்று வானம் அத்தனை நீலமாக இருந்ததா என்பது அவளுக்கு இப்போது உறுதியில்லை. வேறொரு நாளின் வானத்தை எடுத்து இந்த நாளின்மேல் போர்த்திவிட்டாளோ என்னவோ.

பனி கிடந்தது. அது நிச்சயம்.

குழந்தைகள் காப்பகத்தின் பின்முற்றத்தில் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. கம்பளிக்குள் புதைந்து, மூக்கு நுனி மட்டும் சிவந்து தெரிய, உறங்கிக்கொண்டிருந்தன.

பக்கத்தில் ஒருவரும் இல்லை.

மேலே கூரையும் இல்லை.

அவள் இடுப்பிலிருந்த மகனை இறுக்கிக்கொண்டாள். ஆரனுக்கு ஒரு வயது. அன்றுதான் அங்கே முதல் நாள். நோர்வேயின் வடக்கில், அந்தச் சிறிய துறைமுக ஊரில், இனி தாயும் தகப்பனும் இருவருமே மீன் ஆலைக்குப் போயாக வேண்டும்.

"எங்கட ஐஸ் பெட்டியள் மாதிரியெல்லே அடுக்கி வச்சிருக்கினம்," என்றான் அவள் கணவன் தவநேசன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹில்டா காலி வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆரனுக்கு. மத்தியான உறக்கம் இங்கே வெளியில்தான் என்றாள். இந்த நாட்டில் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம் என்றாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

அவளுக்கு விளங்கியது. இருந்தாலும், பழக்கத்தில், தவநேசன் தமிழில் சொன்னான்.

"வெளியில கொஞ்சம் காத்துப் பட்டால்தான் பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுமாம்."

சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவளும்.

வன்னியில் போர் நடந்த காலம். அவர்களின் முதல் பிள்ளை, மகள்; அவளுக்கும் அப்போது ஒரு வயதுதான். பதுங்குகுழிக்குள் புழுக்கம். பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. வெளியே சத்தம் ஓய்ந்து வெகுநேரமாகியிருந்தது. குழி வாசலில் தெரிந்த துண்டு வானத்தில் ஒன்றுமில்லை.

"கொஞ்சம் காத்துப் படட்டும், தாரும்," என்று கை நீட்டியது அவன்தான்.

தூக்கிக் கொடுத்தது அவள்தான்.

பாலை மரத்தடியில் தன் மாற்றுச் சாரத்தை விரித்துப் படுக்க வைத்தான். மகள் உடனே உறங்கிவிட்டாள். பால்மா கரைக்கத் தண்ணீர் எடுக்க அவன் கிணற்றடிக்குப் போன நேரத்தில்தான் விமானம் வந்தது.

அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை. முகாமில் பேசவில்லை. கப்பலிலும் விமானத்திலும் பேசவில்லை. பேசாமலிருப்பதற்கு இந்த நாடு தோதாக இருந்தது; இங்கே யாரும் யாரிடமும் எதையும் துருவிக் கேட்பதில்லை.

"வேண்டாம்," என்றான் தவநேசன், ஹில்டாவிடம். "உள்ளே."

ஹில்டா புன்னகைத்தாள். வெயில் நாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோருமே முதலில் குளிருக்குப் பயப்படுவார்கள் என்றாள். வண்டிக்குள் கிடந்த கம்பளியைத் தூக்கி, அதன் தடிப்பைக் காட்டினாள். தொட்டுப் பார் என்றாள்.

அவனிடம் அந்த மொழியில் மீனுக்கும் கத்திக்கும் ஐஸுக்கும் சொற்கள் இருந்தன.

"குளிர் எண்டே நினைக்கட்டும், விடும்," என்றான் அவளிடம்.

ஆரனைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். பிள்ளைகள் இல்லாத அறை. ஹீட்டரின் சூடு. ஆரன் கண்ணைக் கசக்கினான். சிணுங்கினான். பிறகு வாய்விட்டு அழத் தொடங்கினான். தோளில் போட்டுத் தட்டினாள். நடந்தாள். உறங்கவில்லை.

அவன் கழுத்தைத் துடைத்தாள்.

வியர்த்திருந்தது.

அவள் யன்னலைப் பார்த்தாள். தவநேசன் முற்றத்திலேயே நின்றான். யாரோ பெற்ற பிள்ளைகளின் வண்டிகளுக்கு நடுவே. அவன் வண்டிகளைப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து, வானத்தை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை பார்த்தான். பிறகு திரும்பவும் முதலிலிருந்து.

அவன் மறந்துவிட்டான் என்றே அவள் நினைத்திருந்தாள். சிரிக்கிறான், சாப்பிடுகிறான், குறட்டை விடுகிறான். அதற்காகச் சில நாட்கள் அவனை வெறுத்தும் இருக்கிறாள்.

அவள் ஆரனுக்குக் கம்பளிச் சட்டையைப் போட்டாள். தொப்பியின் நாடாவைக் கட்டினாள். கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"என்ன செய்யிறீர்?" அவன் குறுக்கே வந்து நின்றான். "உள்ள கொண்டு போம்."

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் மகனை வண்டியில் கிடத்தினாள். கழுத்துவரை கம்பளியை இழுத்துவிட்டாள். குளிர்காற்று முகத்தில் பட்டதும் பிள்ளையின் அழுகை பாதியில் நின்றது. இமைகள் தாழ்ந்தன.

தவநேசன் அவனை அள்ளி எடுக்கக் குனிந்தான்.

"கொஞ்சம் காத்துப் படட்டும்," என்றாள் அவள். "விடுங்கோ."

குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தான். வண்டியின் ஒரு பக்கத்தில் அவன். மறுபக்கத்தில் அவள். இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹில்டா இரண்டு கோப்பைகளில் கோப்பி கொண்டு வந்து கொடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அவளும் ஒருமுறை மேலே பார்த்தாள்.

அங்கே ஒன்றுமில்லை.

ஹில்டா இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். ஆரன் தகப்பனைவிட உயரமாகிவிட்டான். பனிக்காலத்திலும் யன்னலைத் திறந்து வைத்துத்தான் படுக்கிறான். தவநேசன் இன்னும் மீன் ஆலையில்தான். அவள் ஆலையை விட்டுவிட்டு அந்தக் காப்பகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். மத்தியானத்தில் வண்டிகளை வெளியே தள்ளி நிறுத்துவது அவள்தான்.

மகள் அங்கேயே, பாலை மரத்தடியில் இருக்கிறாள்.